எட்டாம் நாள் காய்ச்சல்

மயக்கத்தில் இருந்தேன், யார் சொன்னார்கள் என்று தெரியாது. இந்த இரண்டையும் விட்டு வேறு ஒரு சொல் வாயில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வக்கீல் தனபாலன் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிறது. நாகஜோதி கோர்ட்டு வராந்தாவின் மர பெஞ்சில் உட்கார்ந்து அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்கத்தில் இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்து நிற்கும்போது இப்படித்தான் வரும், உட்கார்ந்திருக்கும்வரை எல்லாம் நெஞ்சில் இருக்கும், எழுந்ததும் ஏழெட்டு எங்கேயோ போய்விடும். இன்றைக்கு ஆறாவது தடவை. முதல் தடவை ஜட்ஜ் லீவு, அடுத்த தடவை வக்கீல்கள் உள்ளே வரவில்லை, அப்புறம் ஒரு தடவை கேசுக் கட்டு கிடைக்கவில்லை என்றார்கள், கட்டு கிடைத்த அன்றைக்கு இன்சூரன்ஸ் வக்கீலுக்குக் கல்யாண வீடு. ஒவ்வொரு தடவையும் காலை ஆறேகால் பஸ். அத்தை சீனியம்மாள் அதற்கு முன்னால் எழுந்து அவளுக்குத் தலை பின்னிவிட வேண்டும். வலது முழங்கை பாதிக்கு மேல் மடங்காது, கை வாய்வரைக்கும் வராது, உள்ளே தகடும் ஏழு திருகாணியும் இருக்கிறது, பின்னல் போட இரண்டு கை வேண்டுமே. புருஷன் அழகுராஜா திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறான், மாசத்துக்கு ஒரு தடவை வருகிறவன் தலையா பின்னுவான். அத்தைதான். இன்றைக்குக் காலையிலும் அத்தையின் உள்ளங்கையில் முடி சிக்கிச் சிக்கி இழுத்தது. தீச்சட்டி சுட்ட தழும்பு. மூன்று பங்குனி, மூன்று தழும்பு, காய்ந்த அடுப்புச் சாம்பல் மாதிரி சொரசொரவென்று. முடி அதில் மாட்டும்போதெல்லாம் நாகஜோதிக்குத் தலையில் வலிப்பதில்லை. வேறெங்கோ வலிக்கிறது.

அத்தை அந்தப் பெஞ்சின் மறு கோடியில் கனிஷ்காவை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நாலு வயசு ஆகப்போகிற பிள்ளை, கால் மடிக்கு வெளியே தொங்குகிறது, இருந்தாலும் அப்பத்தா மடி என்றால்தான் தூக்கம் வரும். "என்னாத்தா முணுமுணுங்கிற. சொல்லிப் பாத்துக்கிட்டியா" என்றாள் அத்தை. "ம்" என்றாள் இவள். "பயப்படாத. நாலு பேரு பாப்பானுகளேன்னு தலையக் கவுந்துக்கிட்டு நிக்காத. வக்கீலு சொன்னத மட்டும் சொல்லு. அடுத்த செவ்வாக்கிழமை காப்புக் கட்டுறாக. இந்த வருசமும் எடுத்துருவோம்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். கேசு நல்லபடியா முடியட்டும்." தீச்சட்டியைத்தான் சொல்கிறாள் என்று நாகஜோதிக்குத் தெரியும். மூன்று வருஷம் என்றுதான் நேர்த்தி. போன பங்குனியோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள், முடிந்துவிட்டது, இனிமேல் பேச வேண்டியதில்லை, தழும்பு ஆறிவிடும் என்று. இந்த வருசமும். மயக்கத்தில் இருந்தேன். மயக்கத்தில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்தப் பால் வண்டி தட்டின வேகத்துக்கு யாருக்கானாலும் நினைவு தப்பியிருக்கும், இவளுக்குத் தப்பவில்லை. ரோட்டு ஓரத்துக் கருவேல முள், சிந்தின பால், தார் மேல் அது வெள்ளையாக ஓடி மண்ணில் இறங்கினது, டீக்கடையிலிருந்து யாரோ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தது, எல்லாம் கண்ணில் இருக்கிறது. இடுப்பில் இருந்த பிள்ளையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது முழங்கையைக் கீழே கொடுத்து விழுந்தாள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. பிள்ளை அழக்கூட இல்லை, அப்போதுதான் அழுது முடித்திருந்தது. ஊசி போட்ட அழுகை.

அந்த ஊசி. அங்கே வந்ததும் மனசு நின்றுவிடுகிறது, மாடு செக்கைச் சுற்றிவிட்டு அதே கல்லில் இடிக்கிற மாதிரி. இவர்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பதினைந்து நாள் தாளிப்பு கிடையாது, கறி கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் விடிந்து போய்ப் பொழுது சாய வந்துவிடலாம், அதை ஊர் கண்டுகொள்ளாது. ஆனால் முதல் முளைப்பாரி தூக்குகிற வீட்டுப் பெண்கள் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது, உயிர் ஆபத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்வர மட்டும் விலக்கு. ஊர்வலத்தில் முன்னால் போகிற அந்த முதல் முளைப்பாரி மரியாதை அத்தை வீட்டுக்கு. செவ்வாய்க்கிழமை காப்பு, புதன்கிழமை ஊசி. எல்லைக்கல்லைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில்தான் சுகாதார நிலையம். நர்ஸம்மா மூன்று நாளாகச் சொல்லி விட்டுக்கொண்டிருந்தார், ஒன்பது மாசம் முடிந்துவிட்டது, பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது, இந்தப் புதனை விடாதே என்று. அத்தையிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். ஆத்தா ஊருக்குள்ள எறங்கி இருக்கும்போது ஆத்தாவுக்கே ஊசி போட்டுத் தடுக்குறியா என்பாள். அதனால் கேட்கவில்லை. அத்தை முளைப்பாரி வைத்திருக்கிற இருட்டு வீட்டுக்குத் தண்ணீர் தெளிக்கப் போன நேரம் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு மணி நேரம். யாருக்கும் தெரியாமல் போய் யாருக்கும் தெரியாமல் திரும்பியிருப்பாள். வாழ்நாளில் கேட்காமல் செய்த ஒரே காரியம், அதற்கு நடு ரோட்டில் ஒரு பால் வண்டி. சாமி இல்லை என்று யாராவது சொன்னால் இவளால் சட்டென்று ஆமாம் என்று சொல்ல முடியாது. சாமி தண்டித்தது என்று சொன்னாலும் முடியாது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லையே, அது யார் செய்தது.

"காபி வேணுமா" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர், ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு பெரியவர், டம்ளரை நீட்டிக்கொண்டு. வேண்டாம் என்று தலையாட்டினாள். வாங்கினால் இடது கையில் வாங்க வேண்டும். சாப்பிடுவதும் இடது கையில்தான். விசேஷ வீடுகளில் பந்தியில் உட்காருவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, எல்லாரும் எழுந்த பிறகு அடுப்படியில் தட்டை வைத்துச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொள்வாள். "எத்தன பர்சண்டு போட்டாக உனக்கு" என்றார் பெரியவர். "முப்பத்தஞ்சு." "குடுத்துவச்சவ. எனக்குக் காலே போச்சு, நாப்பதுதான்னு எழுதிட்டான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முப்பத்தைந்து என்றால் எது முப்பத்தைந்து என்று நாகஜோதிக்கு இன்றுவரை விளங்கவில்லை. டாக்டர் கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், ஒரு தகரக் கோணமானியை வைத்துப் பார்த்தார், எழுதினார். பிள்ளைக்குச் சோறு பிசைய முடியாதது அதில் சேர்த்தியா. ரவிக்கைக்குப் பின் ஊக்கு மாட்ட முடியாமல் அத்தை முன்னால் முதுகைக் காட்டி நிற்பது எத்தனை பர்சண்டு. மில்லில் நூல் முடிய இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓடணும், கேட்டில் சூப்பர்வைசர் கையைப் பார்த்துவிட்டு வேற வேலை இருந்தா சொல்லி விடுறேம்மா என்றான், இன்னும் சொல்லி விடவில்லை. தகட்டை எடுக்க மறுபடி ஆபரேஷன் பண்ணினால் கொஞ்சம் மடங்கும் என்கிறார்கள். இந்த வழக்கு ஜெயித்தால் ஆபரேஷன். ஜெயிக்காவிட்டால் இப்படியே.

உள்ளே ஒரு ஆள் கூண்டில் நின்றுகொண்டிருந்தது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. பைக்கில் போய் லாரி இடித்தவனாம். இன்சூரன்ஸ் வக்கீல் வயசானவர், சத்தமே போடமாட்டார், பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற குரலில் கேட்பார். "ஆஸ்பத்திரிக்கு வரும்போது உங்களுக்கு நினைவு இல்லைங்கிறீங்க." "ஆமாங்க." "டாக்டர் நினைவோட இருந்தார்னு எழுதியிருக்காரே. டாக்டர் பொய் சொல்றாரா, நீங்க சொல்றீங்களா." அந்த ஆள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தன் வக்கீலைப் பார்த்தான். அவனுடைய வக்கீல் தாளைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்றார் இன்சூரன்ஸ் வக்கீல் அன்பாக, ஏதோ விட்டுக்கொடுத்ததுபோல. நாகஜோதிக்குத் தன் ஆஸ்பத்திரிச் சீட்டு ஞாபகம் வந்தது. இவளுடைய சீட்டிலும் அப்படித்தானே எழுதியிருக்கும். டாக்டர் இவளைத்தானே பார்த்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள், எப்படியோ சேதி கேட்டு அத்தை முளைப்பாரி வீட்டு ஈரச் சேலையோடு ஓடி வந்திருந்தாள். சின்ன வயசு டாக்டர், எப்படி ஆச்சு என்றார். இவள் வாயைத் திறக்குமுன் அத்தை, "வீட்ல கொழாயடியில வழுக்கி விழுந்துட்டா சாமி" என்றாள். எல்லை தாண்டினது ஊருக்குத் தெரிந்தால் முதல் முளைப்பாரி போய்விடும். மாமனார் செத்த பிறகு அந்த வீட்டுக்கு என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அப்படியாம்மா என்று டாக்டர் இவளைக் கேட்டார். இவள் தலையாட்டினாள். எத்தனையோ பேருக்குத் தலையாட்டியிருக்கிறாள், ஆட்டிய இடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். இந்த ஒன்று மட்டும் தாளில் ஏறி, முத்திரை வாங்கி, மூன்று வருஷம் கழித்து இந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. திருவிழா முடிந்த மறுநாள் அழகுராஜா வந்து போலீசில் எழுதிக் கொடுத்தான், டீக்கடைக்காரர் பால் வண்டி நம்பர் சொன்னார். அதற்கப்புறம் ஊருக்கும் தெரிந்தது, முடிந்த திருவிழாவை என்ன செய்வது என்று ஊர் விட்டுவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு குழாயடி என்கிறது. வீட்டில் விழுந்தவளைப் பதினாலு நாள் கழித்து ரோட்டில் கிடத்திவிட்டார்கள் என்கிறது இன்சூரன்ஸ். டீக்கடைக்காரர் சாட்சிக்கு இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் வாய்தா, கடையை யார் பார்ப்பது என்று அவரும் நின்றுவிட்டார். காப்பு, எல்லை எல்லாம் கோர்ட்டில் சொல்லாதே, சொன்னால் மாமியாரைக் கூண்டில் ஏற்றி அன்றைக்குப் பொய் சொன்னவள்தானே என்பான் இன்சூரன்ஸ் வக்கீல், என்கிறார் தனபாலன். அதனால் மயக்கம்.

பையில் பிளாஸ்டிக் கவர் இருந்தது. எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கேசு போட்ட அன்றைக்கே வக்கீல் குமாஸ்தா எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தார், இது எதுக்கும்மா, பிள்ளை அட்டை என்று. மஞ்சள் அட்டை. ஒன்பதாம் மாசத்துக்கு நேரே தேதி, நர்ஸம்மா கையெழுத்து, சுகாதார நிலையத்து முத்திரை. தேதி அதே தேதி. இவளுக்குத் தேதி படிக்கத் தெரியும், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிற தேதியும் தெரியும், இரண்டும் ஒன்றே என்பது எத்தனையோ ராத்திரியாகத் தெரியும். சீட்டில் விழுந்த நேரம் என்று போட்டிருக்கிற பத்தரை மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் வீட்டுக் குழாயடியில் எப்படி விழுவாள். வக்கீலிடம் சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் வருவாள், ஒவ்வொரு தடவையும் பக்கத்து நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருப்பாள். அத்தைக்குத் தெரிந்தது, காய்ச்சல் மருந்து வாங்கக் கடைக்குப் போனாள் என்பது. ஊசி என்று தெரியாது. ஊசி என்று தெரிந்தால் எட்டாம் நாள் தெரிந்துவிடும்.

எட்டாம் நாள். கையில் கட்டோடு பெண்கள் வார்டில் கிடந்தாள். பிள்ளை வீட்டில் அத்தையிடம். எட்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்து காதில் சொன்னாள், பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது, நெஞ்சிலும் முதுகிலும் பொரிப்பொரியாக, ஆத்தா இறங்கிட்டா, உன் மாமியா வேப்பிலையில படுக்கவச்சுக்கிட்டுச் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கு என்று. இவள் எழுந்து உட்கார்ந்தாள். அப்போது நர்ஸம்மா குரல் கேட்டது, அந்தப் புதன்கிழமைக் குரல். எட்டாம் நாள் பத்தாம் நாள் லேசாகக் காய்ச்சல் வரும், பொரிப்பொரியா வந்தாலும் வரும், அது இந்த ஊசிக்கு வருவது, இரண்டு நாளில் போய்விடும், பயப்படாதே. பயம் போய்விட்டது. போனதும் நிம்மதியாகப் படுத்துவிட்டாள். அதுதான், படுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், அத்தையிடம் சொல்லு, அது ஊசிக் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊசியா, எப்போ போட்டே என்று வரும். இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். அதற்கு மூன்றாம் நாள் அத்தை திருநீறோடு வார்டில் வந்து நின்றாள். கண் உள்ளே போயிருந்தது. "நான் டாக்டருகிட்ட பொய் சொன்னேன், அதுக்குத்தான் ஆத்தா பிள்ளையத் தொட்டுப் பாத்தா. மூணு வருசம் தீச்சட்டி எடுக்குறேன்னு விழுந்து கும்பிட்டேன். மறுநா காய்ச்சல் எறங்கிருச்சு" என்றாள். இவளுக்கு அப்போதும் வாய் இருந்தது. அப்போதும் தலையாட்டினாள்.

அப்புறம் நாளாக நாளாகச் சொல்ல முடியாததாகிவிட்டது. அந்தப் பங்குனித் திருவிழாவிலேயே முதல் சட்டி எடுத்துவிட்டு வந்து அத்தை வாழைக்குருத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம். எடுத்த பிறகு சொன்னால் எடுத்தது வீண் என்று ஆகுமே. இரண்டாம் வருஷம் சொன்னால் முதல் வருஷமே ஏன் சொல்லவில்லை. புருஷனிடம் ஒரு தடவை போனில் ஆரம்பித்தாள், பின்னால் மிஷின் சத்தம், என்ன, என்ன என்றான், ஒண்ணுமில்ல என்று வைத்துவிட்டாள். பேசத் தெரியாதவளுக்கு வழக்கு எதற்கு. எல்லாரும் இவளைப் பேசு பேசு என்கிறார்கள், இந்த இரண்டு வரியை மட்டும் பேசு என்கிறார்கள். இவள் வாயில் மற்றவர்கள் வைத்த சொல்லே எப்போதும், குழாயடி என்றது அத்தை, மயக்கம் என்பது வக்கீல், முப்பத்தைந்து என்றது டாக்டர். இவளுடையது என்று ஒன்று உண்டென்றால் அந்த மஞ்சள் அட்டை. அதைத்தான் எதுக்கும்மா என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

டவாலி வெளியே வந்து பெயரைக் கூப்பிட்டார். நீண்ட கூடத்தில் தன் பெயர் அவ்வளவு சத்தமாகப் போய் மோதித் திரும்புவதைக் கேட்டதும் முகம் சுட்டது. எழுந்தாள். பையை விட்டுவிட்டுப் போ என்றாள் அத்தை. இவள் கேட்காததுபோலப் பையோடு நடந்தாள். அத்தை தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சத்தியம் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எங்கே படிச்சீங்க, எவ்வளவு படிச்சீங்க, வீட்டில் குழாய் இருக்கா, குழாயடி சிமெண்டுத் தரையா, பாசி பிடிக்குமா. பிடிக்கும் என்றாள். "ஆஸ்பத்திரியில வழுக்கி விழுந்ததா எழுதியிருக்கு. யார் சொன்னது?" தனபாலன் இவளையே பார்த்தார். மயக்கத்தில் இருந்தேன். நெஞ்சில் இருக்கிறது, தொண்டையில் இருக்கிறது. அதற்கு அடுத்த கேள்வியும் இவளுக்குத் தெரியும், டாக்டர் பொய் சொல்றாரா நீங்க சொல்றீங்களா. கடைசி பெஞ்சில் அத்தையின் கை பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காப்பு. இந்த வருசமும்.

"நான் மயங்கலங்க" என்றாள்.

தனபாலன் பேனாவை மூடினார். "டாக்டர் கேட்டாரு. ஆமான்னு தலையாட்டினேன். அது நெசமில்ல. ரோட்டுலதான் விழுந்தேன்." "வழுக்கி விழுந்தேன்னு அன்னைக்கு ஆமான்னீங்க. இன்னைக்கு இல்லைங்கிறீங்க. இன்னைக்குச் சொல்றத மட்டும் எப்படிம்மா நம்புறது?" அதே அன்பான குரல். நாகஜோதி பைக்குள் கையை விட்டாள். கவர் வழவழவென்று நழுவியது, ஒரு கையால் பிரிக்க நேரமானது, யாரோ இருமினார்கள். அட்டையை எடுத்து நீட்டினாள். டவாலி வாங்க வந்தவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ஐயாகிட்ட போறதும்மா, வலது கையில குடு" என்றார் மெதுவாக. வலது கையைத் தூக்கினாள். அது எங்கே நிற்குமோ அங்கே நின்றது, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, சட்டத்தில் அடித்த ஆணி மாதிரி. அட்டையை அதில் மாற்ற முயன்றாள், விரல் மூடவில்லை, அட்டை கூண்டுக்குள் விழுந்தது. ஜட்ஜ் அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார். "எந்தக் கைன்னா என்னப்பா. எடுத்துக் குடு" என்றார்.

அட்டை கை மாறிப் போனது. இதை ஏன் முன்னாடியே தாக்கல் பண்ணலை என்று தனபாலனைக் கேட்டார் ஜட்ஜ், அவர் ஏதோ சொல்லிக் கால அவகாசம் கேட்டார், இன்சூரன்ஸ் வக்கீல் ஆட்சேபணை என்றார், தேதிகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள், இவளைத் தாண்டி, இவள் தலைக்கு மேலே. மறுபடி வாய்தாதான், தெரியும். பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் அட்டையைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துக்கொண்டு கேட்டார், "இது என்ன ஊசி?"

இதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். "அம்மை ஊசி" என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து மின்விசிறிகூடச் சத்தம் போடவில்லை. "மூணு வருஷமா இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

நாகஜோதி திரும்பினாள். கடைசி பெஞ்சில் அத்தை தட்டுவதை நிறுத்தியிருந்தாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறிக்கொண்டிருந்தது, சுண்டு விரலில் தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று, முளைப்பாரிக்குத் தண்ணீர் ஊற்றிய நாளை எண்ணுகிற அதே எண்ணிக்கை. எட்டாவது கணுவில் கட்டைவிரல் நின்றது. "அத்தே" என்றாள் நாகஜோதி, கோர்ட்டு என்பது மறந்து, "அது ஆத்தா இல்லத்தே. ஊசிக்கு வர்ற காய்ச்சல். எட்டாம் நாள் வரும்னு நர்ஸம்மா எனக்கு அன்னைக்கே சொன்னாக."

"அங்க பேசக் கூடாதும்மா" என்றார் டவாலி. "ஐயாவைப் பார்த்துச் சொல்லு."

அவள் ஜட்ஜைப் பார்த்துத் திரும்பி அதையே மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தட்டெழுதுகிற பெண் தட்டிக்கொண்டே வந்தாள். பின்னால் கனிஷ்கா விழித்து அப்பத்தா, அப்பத்தா என்றது. அத்தை உள்ளங்கையை மடியில் விரித்து வைத்து, அது யாருடைய கை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.